ஆறு வருடத் தற்காலிகம்

மார்ச் 3, 2025
யாரும் நம்பப்போவதில்லை என்று தெரிந்தே, சத்தியம் செய்து இந்தக் கதையைத் தொடங்குகிறேன். பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியின் ஏழாவது மாடியில் லெஸ்லியாகிய நான் பராமரிக்கும், சமன்பாடுகளுக்கு விடை காணும் மென்பொருள் நூலகம் இல்லையேல் கப்பல்கள் கரைசேரா, கோள்கள் வழிதவறும். (பயன்படுத்துவோர்: பதினோரு பேர்.)

அவர்களில் ஒருத்தி, கிள்ளானில் வெள்ளநீர் பம்ப் நிலையம் வடிவமைக்கும் ரமணி, இன்று போன் செய்தாள்.

"அங்கிள், அதே கணக்குதான். பழைய கம்ப்யூட்டர் தண்ணி 1.2 மீட்டர் ஏறும்னு சொல்லுது, புதுசு 1.9னு சொல்லுது. எதை நம்பி சுவர் கட்டுறது? வெள்ளிக்கிழமை டிராயிங் கொடுக்கணும் லா."

"கம்ப்யூட்டரை மாத்தும்மா. என் நூலகம் தப்பே செய்யாது!" என்று முழங்கினேன்.

மார்ச் 4
நூலகத்தின் சோதனைகள் அத்தனையும் பாஸ். பார்த்தாயா!

மார்ச் 5
பார்த்தேன். ஐயோ.

விடையில் பத்துக் கோடியில் ஒரு பங்குக்கு மேல் பிழை இருந்தால் சோதனை தோற்க வேண்டும். 2019இல் தோற்றது. காரணம் தேடினேனா? இல்லை — அனுமதிக்கும் பிழையை நூறில் ஒரு பங்கு வரை தளர்த்தினேன். பாஸ். தே தாரிக் குடிக்கப் போய்விட்டேன். பக்கத்தில் என் பெயரோடு ஒரு குறிப்பு: 'தற்காலிகம்'.

ரமணியிடம் எப்படிச் சொல்வது? மனைவி மகதலேனாவைக் கேட்டேன். "வாயால சொல்லுங்க. புளுகுறப்ப மட்டும் அது நல்லா வேலை செய்யுதுல்ல?"

மார்ச் 6
சொன்னேன். ரமணியின் பதில்: "சரி அங்கிள், வாங்க, ஒண்ணா பார்ப்போம்."

ஆறு மணி நேரம் அன்ன ஆகாரமின்றிப் போர்! உலகிலேயே வேகமானது என்று பீற்றிக்கொள்வதற்காக, சமன்பாடுகளின் வரிசையை மாற்றும் ஒரு படியை நான் விட்டிருந்தேன். அதனால் கிட்டத்தட்ட பூஜ்யமான எண்ணால் வகுக்க, கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் மாறும் கடைசித் தசமத்தின் தூசி மலையாகியிருந்தது. அந்தப் படியைச் சேர்த்தோம். இரண்டு கம்ப்யூட்டரும் 1.7 என்றன. முன்பு சொன்ன இரண்டுமே தப்பு!

மார்ச் 7
டிராயிங் போய்ச் சேர்ந்தது. மற்ற பத்துப் பேருக்கும் எழுதினேன்: 'தவறு என்னுடையது. கண்டுபிடித்தவர் ரமணி. பழைய விடைகளைச் சரிபாருங்கள்.'

ஏப்ரல் 12
இப்போது ரமணி ஒப்புக்கொள்ளாமல் நூலகத்தில் ஒரு வரி நிரல்கூட நுழையாது. இன்று ஒரு சோதனை தோற்றது. பிழை அளவைக் கொஞ்சூண்டு தளர்த்தி அனுப்பினேன். திருப்பி அனுப்பிவிட்டாள்: "காரணம் எங்க, அங்கிள்?"

தேடிக்கொண்டிருக்கிறேன். ஆண்டவரே, இப்படி ஒருத்தியைக் கொடுத்தீரே!

மேலே முக்கால்வாசி அளப்பு. போர் மூன்று மணி நேரம்தான். நடுவில் ரொட்டி சானாயும் உண்டு. ஆனால் அவள் "ஒண்ணா பார்ப்போம்" என்றாள்.

அது நிஜம்.