கண்ணை மூடி எடுத்த ஸ்பீக்கர்

ஞாயிறு, இரவு

ராயபுரத்தில் என் காதுக்கு இணையான காது கிடையாது என்று நானேதான் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். இன்று அந்தக் காதோடும் மனைவி ஸ்டெல்லாவோடும் வண்ணாரப்பேட்டைக்குப் புது ஸ்பீக்கர் வாங்கப் போனேன். கொடுத்து மாற்றிக்கொள்ள, வீட்டிலிருந்த பழைய ஜோடியையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டேன்.

“பேரு, வெல எதுவும் சொல்லாத பாய். கண்ண மூடிக்கினு காதாலயே எடுப்பேன்” என்றேன்.

கடைக்கார பாய் ஒரே பாட்டை மூன்று ஜோடிகளில் மாற்றி மாற்றிப் போட்டார். முதலாவதில் தபேலா தகரம்போல் ஒலித்தது. மூன்றாவதில் பேஸ் நெஞ்சில் இடித்தது, பாட்டைத்தான் காணவில்லை. இரண்டாவதில் பாடகி மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது.

“ரெண்டாவதுதான் சரக்கு. கட்டிக் குடு.”

“அது நீ கொண்ணாந்த பழசு, நைனா” என்றார் பாய்.

ஸ்டெல்லா சிரிப்பு தாங்காமல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். “இத்தினி வருசமா வூட்ல பேசிக்கினு கீறேன். என் கொரலு மட்டும் அந்தக் காதுல வுழுந்ததே இல்ல.”

அதே ஸ்பீக்கரோடு வீடு திரும்பினோம். நாளை அவள் தெருவில் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொள்ள வேண்டும்: அந்தக் கடையில் கேட்டதிலேயே உசத்தியான ஸ்பீக்கர் எங்கள் வீட்டு ஸ்பீக்கர்தான். காது என்றால் காது.