கீபோர்டு வெளிச்சத்துக்கு அறுநூறு ரூபாய்

கொண்டப்பநாயக்கன்பட்டி,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து.

அன்பு மகன் ஜெனிஷுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் அக்சிலியாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மஸ்கட் வெயிலில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியிலேயே நீ கோபப்படுவாய், எனக்கும் பேச்சு வராது, அதனால்தான் கடிதம். இந்த ஒன்றரை மாதமாக எனக்கு அவ்வளவு அருவருப்பாக இருக்கிறது.

வீட்டிலிருந்தே கம்பெனிக்கு டைப் அடிக்கிற தங்கை அக்சிலியாவுக்குக் கண் பார்வை குறைவு, கறுப்புக் கட்டையில் எழுத்துத் தெரியவில்லை என்று எழுத்துக்கு எழுத்து வெளிச்சம் வரும் கீபோர்டை நீதான் அனுப்பினாய். அது வந்த மாதமே நம் மாடிக்கான சப்மீட்டரில் அறுபத்தைந்து யூனிட் கூடிவிட்டது. யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் என்று வாங்குகிற நம் வீட்டுக்காரர் சின்னராஜ், ஏறக்குறைய அறுநூறு ரூபாய் சேர்த்துக் கேட்டார். கொடுத்தேன். அடுத்த மாதமும் அதே கணக்கு. என்னவென்று கேட்டதற்கு, கீழே அவர் கடையில் ஏற்காடு போகிற ஆட்கள் பத்துப் பேர் தண்ணீர் பாட்டில் வாங்க நிற்கும்போது, "ஏனுங்க சவரியாரே, உங்க பொண்ணு தட்டுற அந்த லைட்டுப் பலகைதானுங்க கரண்ட்டைக் குடிக்குது. வயசுப் புள்ள சன்னல்ல கலர் கலரா மின்னிட்டு இருந்தா போறவன் வாரவன் என்னங்க நெனப்பான்" என்றார். நின்றவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும். முப்பது வருடம் மோட்டார் காயில் கட்டிப் பிழைத்தவன், எது எவ்வளவு இழுக்கும் என்று பார்த்தாலே தெரிகிறவன். அதை விட்டுவிட்டு, மாடிக்கு ஏறி வந்து என் பிள்ளையிடம், அந்த லைட்டை அணைத்துவிட்டு வேலை பார், மானம் போகிறது என்று சொன்னேன். கீழே பேசியது சன்னல் வழியாக அவளுக்கும் கேட்டிருக்கிறது, ஏன் என்று கூடக் கேட்காமல் அணைத்துவிட்டாள். அம்மா மட்டும், கண்ணு தெரியாத புள்ளைக்கு வேற வெளிச்சத்துக்கு எங்க போறது என்று முணுமுணுத்தாள், அவளையும் அதட்டினேன். மூன்றாவது வாரம் ஆஸ்பத்திரி அறிக்கை ஒன்றைத் தட்டும்போது மருந்தின் அளவை ஐந்து என்பதற்கு ஐம்பது என்று அடித்துவிட்டாள். சரிபார்க்கிறவர் கண்டுபிடித்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் பெங்களூர்க் கம்பெனிக்காரர்கள் அன்றே வேலையை நிறுத்திவிட்டார்கள். அவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதது எனக்குக் கேட்டது.

அதற்குப் பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. கீபோர்டைத் திருப்பிப் பார்த்தேன், ஐந்து வோல்ட், அரை ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது. முழு வெளிச்சம் வைத்தாலும் இரண்டரை வாட். தினம் பத்து மணி நேரம் எரிந்தாலும் மாதத்துக்கு முக்கால் யூனிட், ஏழு ரூபாய் ஆகாது. இந்த ஏழு ரூபாய்க்கா அத்தனை பேச்சு என்று நினைத்தேன். மாடி மெயினை இறக்கிவிட்டுச் சப்மீட்டரைப் போய்ப் பார்த்தேன், நம் வீட்டில் ஒரு பல்பு கூட எரியாதபோதும் அதன் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது, வேறு ஏதோ கரண்ட் இழுக்கிறது என்று அர்த்தம். அதிலிருந்து கிளம்பிய ஒரு வயரைத் தடவிக்கொண்டே படியிறங்கினேன், சுவரில் துளை போட்டு நேரே அவர் கடைக்குள் போகிறது, கூல்டிரிங்க்ஸ் வைக்கிற கண்ணாடி ஃபிரிட்ஜுக்கு. கீபோர்டு வந்த அதே மாதம் வாங்கிய ஃபிரிட்ஜ்.

கேட்டபோது அந்த ஆளுக்கு முகம் கூட மாறவில்லை. "வயரிங்காரன் பண்ணுன தப்புங்க, எனக்கென்னங்க தெரியும், வாடகையில கழிச்சுக்கலாம் உடுங்க" என்று சொல்லிக்கொண்டே அந்த ஃபிரிட்ஜிலிருந்தே ஒரு பாட்டிலை எடுத்துத் திறந்து, குடிங்க என்று என் கையில் திணிக்கிறார். பிடித்திருக்கவே கூசியது, மேசை மேலேயே வைத்துவிட்டேன். அதற்குள் அக்சிலியா இறங்கி வந்துவிட்டாள். "பணத்தைக் கழிச்சுக்குவீங்க. என் சன்னலைப் பத்தி அத்தனை பேருக்கு முன்னால சொன்னதை என்ன பண்ணுவீங்க" என்று நிதானமாகத்தான் கேட்டாள். அன்றும் கடையில் ஆட்கள் நின்றார்கள். அவர் ஒருவருக்குச் சில்லறை எண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டார், கடைசிவரை நிமிரவில்லை. அங்கேயே வீட்டைக் காலி செய்கிறோம் என்று சொல்லிவிட்டேன். ஜங்ஷன் பக்கம் வீடு பார்த்தாயிற்று, ஒன்றாம் தேதி போகிறோம், தனி மீட்டர். கம்பெனியிலும் மறுபடி பரீட்சை வைத்துப் பாதி வேலை கொடுத்திருக்கிறார்கள்.

இருந்தும் மனம் ஆறவில்லை சாமி. நேற்று அவளிடம் போய், அப்பா செய்தது தப்பு என்றேன். "அந்தாளு பேசுனது, நேரா கேட்ட அன்னிக்கே எனக்கு மனசை விட்டுப் போயிருச்சுப்பா. நீங்க ஒரு தடவை அளந்து பார்த்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். சின்னராஜ் மேல் இருக்கிற அருவருப்பைவிட என் மேல் இருப்பது அதிகம்.

நீ அவருக்குப் போன் போட்டுத் திட்டாதே, அந்தக் குரலை இனி நாம் கேட்க வேண்டாம். தங்கைக்குப் போடு. எல்லாம் நல்லாயிருக்கு என்றுதான் சொல்லுவாள், அதோடு வைத்துவிடாதே, இன்னும் கொஞ்ச நேரம் பேசு. மாதா உன்னைக் கைவிடாமல் காப்பாற்றட்டும்.

உன் அப்பா,
சவரியார்