சந்தனம் பூசிய சிக்கிமுக்கிக் கற்கள்

ஒக்டோபர் 8, புதன்
தூறல். பென்ரோஸ் ஆணித் தொழிற்சாலையில் ஓவர்டைம் இல்லை, வெள்ளெனவே வீடு.

மேசையில், கூட வேலை செய்யும் மார்கரெட் தந்த சிக்கிமுக்கிக் கற்கள், நாற்பது. ஞாயிறு சுடும் போட்டிக்குப் பன்னிரண்டு தெரிந்தெடுக்க வேண்டும். அவவுடையது பழங்காலத் துவக்கு. விசையை இழுத்தால் கல் இரும்புத் தகட்டில் உரசிப் பொறி பறக்கும், பொறி விழுந்தால்தான் வெடி. சுடுவது அவ. எனக்கு லைசன்ஸும் இல்லை, ஆசையும் இல்லை. ஊரில் இருபது வருசம் புவியியல் படிப்பித்துவிட்டு இங்கே ஆணி பெட்டியில் அடைக்கிறேன். கல்லைப் பற்றி என்னிடம் ஒருவர் கேட்டதே பெரிய விஷயம்.

தள்ளியவை: வெள்ளைப் புள்ளி, முதுகு கூனல், மயிரிழை வெடிப்பு.
எடுத்தவை: கருமை, நேர் விளிம்பு, தட்டையான அடி. சட்டி வாங்குவதுபோல் சுண்டியும் பார்த்தேன். கணீர் என்றால் நெடுக உழைக்கும்.

பக்கத்து யூனிட் செல்வி கறிவேப்பிலை கேட்டு வாசலில். "அங்க துவக்குக்குப் பயந்து ஓடிவந்திட்டு, இஞ்ச துவக்குக்குப் பின்னால திரியிறியள், என்னக்கா?" இனி அவவோடு கதை பேச்சு இல்லை. வாரத்தில் ஞாயிறு மார்கரெட்டின் காரில் மட்டும்தான் ஒருவர் என் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அதைச் செல்விக்கு எப்படிச் சொல்வது.

ஒக்டோபர் 10, வெள்ளி
சரஸ்வதி பூசை, தனியே. அவல், கடலை. படத்தின் முன் பழைய அட்லஸ், கத்தரிக்கோல், வேலைக் கையுறை, பன்னிரண்டு கல். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். வெற்றி கேட்கவில்லை. ஞாயிறுகள் நின்றுபோகக் கூடாது என்று கேட்டேன்.

ஒக்டோபர் 12, ஞாயிறு
வெயில், குளிர் காற்று.

முதல் கல், டக். பொறி இல்லை. இரண்டாவது, மூன்றாவது, நாலாவதும் அப்படியே. மார்கரெட் கழற்றிப் பார்த்தா. "இது என்ன மஞ்சளாய்?" விளிம்பில் காய்ந்த சந்தனம். நேற்றே துடைத்திருக்கலாம். பூசையில் வைத்த பொட்டை அழிக்க மனம் வரவில்லை. "சாமிக்கு வைத்தேன்" என்றேன். கல்லையும் தகட்டையும் துடைத்தா. அதே கல்லில் உடனே பொறி, வெடி. அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. கடைசி இடம்.

திரும்பும்போது காரில் ரேடியோ மட்டும். அடுத்த ஞாயிறு பற்றிப் பேச்சே இல்லை.

ஒக்டோபர் 15, புதன்
மார்கரெட் வேறு ஷிப்ட். வெலிங்டனில் மகளுக்கு போன். "பிஸி அம்மா, லேற்றர்." பால், பாண், பல்பு வாங்க வேண்டும். சரியான தனிமை. எழுதினாலாவது குறையும் என்று பார்த்தேன்.

ஒக்டோபர் 19, ஞாயிறு
விடியவே மழை. இரண்டு பேருக்கு ரொட்டி சுட்டுக் கட்டியாயிற்று, பழக்கதோஷம்.
8.30. கார் இல்லை.
9.05. கார் சத்தம். வேறு யாருக்கோ. ஒரு ரொட்டியைச் சாப்பிட்டேன்.
9.20. போன். மார்கரெட். மழையால் மைதானம் பூட்டாம். "வியாழன் பயிற்சிக்கு உன் கல் ஒன்றே நாற்பது வெடிக்கு உழைத்தது. உன் வீட்டுக்குத் தேத்தண்ணிக்கு வரட்டா?"

ஓம் என்றேன். போனை வைத்த பிறகுதான் அறையைப் பார்த்தேன். வந்து இரண்டு வருசம், இங்கே ஒருவரும் வந்து இருந்ததில்லை. உட்காரக் கதிரை ஒன்றுதான்.

செல்வியிடம் இன்னொரு கதிரை கேட்கப் போகிறேன்.