கயிற்றை அறுத்தவள்

மே 12
கேரளாவிலிருந்து வந்துவிட்டோம். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தறிக்கூடத்துக்குப் போனதிலிருந்து நான் பார்த்த முதல் வெளியூர். அக்காவும் பேச்சிராஜா அத்தானும்தான் கூட்டிப்போனார்கள். படகிலேயே சமையல், படகிலேயே தூக்கம். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, அந்த லாக் வரும்வரை.

மே 13
நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. அவ்வளவு ஆத்திரம்.

லாக் என்றால் வாய்க்காலுக்கு நடுவே ஒரு தொட்டி மாதிரி. முன்னும் பின்னும் கதவு. படகு உள்ளே போனதும் பின்கதவை மூடித் தண்ணீரை வடிப்பார்கள். படகும் சேர்ந்து இறங்கும். படகுக்காரர் முன்கயிற்றை என்னிடம் கொடுத்து, கரைத்தூணில் ஒரு சுற்று சுற்றிப் பிடி, தண்ணீர் இறங்க இறங்க விடு, கட்டிவிடாதே என்று பாதித் தமிழில் சொன்னார். அப்படித்தான் விட்டுக்கொண்டிருந்தேன். அத்தான் வந்து பிடுங்கினார்.

"தள்ளுட்டி. எலுமிச்சை லோடு கட்டுத கை இது."

புளியங்குடியில் மினி லாரி ஓட்டுகிறவர் இல்லையா. லாரிக்குப் போடும் முடிச்சை இறுக்கிப் போட்டுவிட்டு, போட்டோ எடுக்கக் கரைமேலே போய்விட்டார். தண்ணி இறங்குது, படகு இறங்கல. முன்பக்கம் தொங்குது. பின்னால் அக்கா பாத்திரங்களோடு சரிந்து விழுந்தாள். முடிச்சு அவிழவில்லை. வெங்காயம் நறுக்கிய கத்தியால் கயிற்றை அறுத்தேன். படகு தொப்பென்று விழுந்து நிமிர்ந்தது.

படகுக்காரர் சத்தம் போட்டதும் அத்தான் என்னைக் கை காட்டினார். பயந்து அறுத்துட்டாளாம், சின்னப்பிள்ளையாம்.

நான் ஏன் வாயைத் திறக்கல?

மே 16
அத்தான் மூன்று வீட்டில் சொல்லியாகிவிட்டது. "இவ கையில கத்தியக் குடுத்தா ஊரே காலி" என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். அக்காவும்! அவள் பார்த்தாளே.

மே 19
கடையநல்லூர் தையல் வகுப்புக்கு அம்மா அனுப்ப மாட்டாளாம். இப்படிப் பதறுகிறவள் தனியாக பஸ்ஸில் எப்படிப் போவாள் என்கிறாள். ஒரு வருஷமாக் கெஞ்சி வாங்கின சம்மதம். அவர் போட்ட முடிச்சுக்கு எனக்கா தண்டனை?

மே 20
எழுதப் பிடிக்கவில்லை.

மே 26
கறிச்சோற்றுக்கு அக்காவும் அத்தானும் வந்தார்கள். அப்பாவிடம் அத்தான் மறுபடி ஆரம்பித்தார். கத்தி வரும் இடத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது.

"கட்டினது யாரு அத்தான்?"

"எதட்டி?"

"கயித்த. என் கையிலேருந்து பிடுங்கிக் கட்டினது யாரு?"

அத்தான் சிரித்துப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அவள் தலையைத் தூக்காமல், "நீங்கதான" என்றாள். "அவ அறுக்கலன்னா நான் தண்ணிக்குள்ள கெடந்திருப்பேன்."

அம்மா என்னையே பார்த்தாள். அப்பா குழம்பு கேட்டார்.

அக்கா மேல் இன்னும் கோபம்தான். இதைச் சொல்ல இத்தனை நாளா?

ஜூன் 3
அம்மா தையலுக்கு அனுப்பிவிட்டாள். வகுப்பில் இன்று பட்டனுக்குக் காஜா எடுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். திரும்பி வந்து இறங்கும்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் அத்தான் லாரி நின்றது. வீட்டில் விடட்டுமா என்று கேட்டார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

நடந்து போய்க்கொள்கிறேன் என்றேன்.