பிபி இல்லாதவளுக்கு பிபி மாத்திரை

ஜூலை 8, செவ்வாய்
காலையிலேயே அனல். கடலூரிலிருந்து சிதம்பரம் பஸ். மாமா (வீட்டுக்காரர்தான்) மடியில் ஸ்கேன் பை. என் மார்புப் புற்றுக்கு நாளைக்கு அடுத்த ஊசி, இன்னைக்கு எக்கோ, அதான் இதய ஸ்கேன். ஊசி மருந்து கட்டியை அடிக்கிற கையோட இதயத்தையும் ஒரு தட்டு தட்டுமாம். அதனால் இதயத்தோட பம்பிங் பார்த்துட்டுத்தான் ஏத்துவாங்க.

டாக்டரம்மா ரிப்போர்ட் பார்த்தாங்க. முகம் சரியில்லை.

"பம்பிங் கொறஞ்சிருக்கு. மாத்திரை போடறீங்கல்ல?"

"தவறாம டாக்டர்." என்னா பணிவு எனக்கு!

பக்கத்தில் மாமா: "எங்கடி போட்ட? அதத்தான் எங்கக்கா அவங்க ஊருக்கு, கிள்ளைக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்களே."

இந்த மனுசனை வச்சுக்கிட்டு ஒரு பொய் சொல்ல முடியுமா?

விஷயம் இதுதான். போன மாசம் நாத்தனார் பார்க்க வந்தாங்க. மாத்திரை அட்டையைக் கண்டதும், "அட, இது என் பிபி மாத்திரையாச்சே! உனக்கேது பிபி? மெடிக்கல்காரன் மாத்திக் குடுத்துட்டான்!" அவங்களுக்கு மாத்திரை தீர்ந்துபோயிருந்துச்சு. அள்ளிக் குடுத்துட்டேன். எங்க குடும்பத்தில் குடை, செல்போன் சார்ஜர், மாத்திரை எல்லாம் பொது.

டாக்டரம்மா: "பிபி மாத்திரைதான். ஆனா உங்களுக்குக் குடுத்தது இதயத்தைக் காப்பாத்த. இப்ப ஊசி கெடையாது. மாத்திரை போடுங்க, உப்பைக் கொறைங்க. அடுத்த மாசம் எக்கோவுல தேறினாத்தான் ஊசி."

"தேறலன்னா?"

"வேற மருந்து யோசிக்கணும். இதுக்குத்தான் கட்டி நல்லா சுருங்குது. விட மனசில்ல."

திரும்பி வரும்போது நான் பேசாததைப் பார்த்துப் பயந்துபோய் மாமா நுங்கு வாங்கித் தந்தார்.

ஜூலை 10, வியாழன்
மேகமூட்டம். தையல் கடை திறந்தேன். ரவிக்கை வாங்க வந்தவள்: "இதயத்துல ஓட்டையாமே அக்கா?"

பம்பிங் கொறைச்சல் தெருமுனை திரும்புறதுக்குள்ள ஓட்டை ஆயிடுச்சு. நான் கிளப்பிவிட்ட சேதிங்களும் இப்படித்தான் வளர்ந்திருக்கும்.

மத்தியானம் நாத்தனார். வாசல்லயே அழுகை. "உன்னக் கொல்லப் பாத்தேனே!" கையில் சமாதானத்துக்கு ஒரு பை. பிரிச்சா கருவாடு.

"அண்ணி, உப்பு!"

"அய்யய்யோ, மறுபடியுமா!"

சிரிச்சு சிரிச்சு எனக்கே மூச்சு வாங்கிடுச்சு. கருவாட்டை மாமா சாப்பிட்டார், துக்கமா முகத்தை வச்சுக்கிட்டு.

ஜூலை 21, திங்கள்
மழை வர்ற மாதிரி வந்து ஏமாத்திட்டுப் போச்சு. காலையும் ராத்திரியும் கிள்ளையிலிருந்து நாத்தனார் வீடியோ கால். "முழுங்கிட்டியா? நாக்கத் தூக்கு. இந்தப் பக்கம் காட்டு." பல் டாக்டர்கூட இவ்வளவு பார்த்ததில்லை. வெளியில் சிரிப்பு. உள்ளுக்குள்ள, தேறுமா?

ஆகஸ்ட் 5, செவ்வாய்
காத்து ஜாஸ்தி. எக்கோ. நெஞ்சில் சில்லுன்னு ஜெல்லி. மெஷின்ல என் இதயம் துணி துவைக்கிற சத்தம் போடுது. டெஸ்ட் எடுக்கிற பொண்ணைக் கேட்டேன், "நல்லா இருக்கா கண்ணு?"

"டாக்டர் சொல்லுவாங்க."

வம்பு பேசத் தெரியாத பொண்ணு. எப்படித்தான் பொழைக்கப் போவுதோ.

டாக்டரம்மா சிரிச்சாங்க! "பம்பிங் ஏறிடுச்சு. நாளைக்கே ஊசி போட்டுடலாம்."

வராண்டாவில் அத்தனை பேர் முன்னாடி மாமாவைக் கட்டிப் பிடிச்சேன். "மெதுவாடி, இதயம்!" "அதான் ஏறிடுச்சே!" வாந்தியில புரட்டி எடுக்கிற ஊசி. அதுக்கு இந்தக் குதி!

வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்த்தேன். ஊசி இல்லாத இந்த ஒரு மாசத்தில் மொட்டைத் தலையில் எள்ளு தூவின மாதிரி முடி. தடவிக் குடுத்துச் சொல்லிட்டேன்: மூட்டையைக் கட்டுங்கடி செல்லங்களா.