புதுத் தீ இறங்கும் வரை

25-7-84, புதன். தூறல்.

மலைக்கோவிலிலிருந்து புதுத் தீ நாளை மதியம் ஊருக்கு இறங்கும். சொன்னவர் ஊர்க்கவுண்டர். இங்கே எல்லாம் அவர் வாக்கு. பூசாரியின் தம்பியும் அதையே சொன்னார்.

அரூர் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து ஏற்றம். முழங்கால் வலி. பிலிம் ரோல் நனையவில்லை.

சித்தேரி மலையில் இந்த ஒரு ஊரில்தான் இந்த வழக்கம் என்கிறார்கள். இன்று பொழுது சாய்ந்ததும் எல்லா அடுப்பும் அணையும். சாம்பல் வழித்து, சாணம் மெழுகி, புதுத் தீக்குக் காத்திருப்பார்கள். பந்தம் வந்ததும் சாமைக் கொல்லைகளைச் சுற்றி வருவார்கள், பூச்சி அண்டாதிருக்க. பிறகே அடுப்பு. அதுவரை பழைய களி, மோர்.

"பீடியுமா?" என்றேன்.

"பீடியுந்தான். காப்புக் கட்டின எவனும் நெருப்பு உரசக் கூடாது. உங்க தீப்பொட்டிய உள்ள வெச்சிக்குங்க சார், எங்க ஆளுங்களுக்குக் கை அரிக்கும்" என்றார் கவுண்டர். சிரிப்பு.

இதைப் பார்க்க மூன்று வருடமாக அனுமதி கேட்டு நடந்தேன். ஞாயிறு இதழில் அரைப் பக்கம், படத்தோடு.

கோவிந்தன் என்ற இளைஞர். ஊர் ஓரத்து வீடு. மனைவி சின்னப்பாப்பாவுக்குப் பிரசவமாகி ஒரு வாரம் ஆகவில்லை. தீட்டு என்பதால் இவர் அண்ணன் வீட்டில் தங்கி, குளித்து, காப்புக் கட்டியிருக்கிறார். ஊரில் முதல் அடுப்பை அணைத்தது இவர்தான். தன் வீட்டு வாசலில் நின்றபடியே ஒரு செம்புத் தண்ணீரை அடுப்பில் வீசினார்.

"போன வருசம் பொறந்தது தங்கலீங்க. இந்த வருசம் அம்மனுக்கு ஒரு கொறையும் வெக்கக் கூடாது."

உள்ளிருந்து அவர் தாயார் கத்தினார். என்னவென்று விசாரிக்க வேண்டும்.

26-7-84, வியாழன். விடாத மழை.

தீ வரவில்லை. காட்டாற்றில் வெள்ளம். பந்தக்காரர்கள் அக்கரைப் பாறைக் குகையில். தீ பத்திரம். இக்கரையிலிருந்து கூவிக் கேட்டவர் சொன்னது.

கோவிந்தன் வீட்டுக் கூரை ஒழுகுகிறது. துணியெல்லாம் ஈரம். குழந்தை குளிரில் விறைத்திருக்கிறது, பால் குடிக்கவில்லை. தாயார் நேற்றுக் கத்தியது அடுப்பை அணைத்ததற்குத்தான். இன்று ஊரே கேட்கக் கத்தினார்:

"பிள்ள பெத்த வூட்டு அடுப்ப எவன்டா அணைக்கச் சொன்னான்? இந்த வூடு திருவிழாக் கணக்குலயே இல்லியேடா, பாவி!"

விசாரித்தேன். உண்மை. பிரசவ வீட்டு அடுப்பு மட்டும் அணையக் கூடாது என்பதே வழக்கம். பக்தியில் கோவிந்தன் அதை மறந்துவிட்டார். திரும்ப மூட்டவும் வழியில்லை. தீட்டில் இருப்பவர்கள் மூட்டக் கூடாது; ஊரில் மற்ற எல்லோர் கையிலும் காப்பு. மருத்துவச்சிதான் வந்து மூட்ட வேண்டும். அவர் ஊர் ஆற்றுக்கு அக்கரை.

தீப்பெட்டியை எடுத்து நீட்டினேன். கோவிந்தன் கை நீட்டினார். வாசலுக்குள்ளிருந்தே தாயார் அலறினார்: "காப்புக் கட்டின கையிடா!" கை நடுவழியில் நின்றது.

எல்லோரும் கவுண்டரைப் பார்த்தார்கள். அவர் என் மணிக்கட்டைப் பார்த்தார்.

"சார், உங்க கையில காப்பு இல்ல."

"இல்லை."

"நீங்க உள்ள போயி மூட்டலாம். ஆனா போயிட்டா உங்களுக்கும் தீட்டு. கோயில் பக்கம் வர முடியாது, பந்தத்தக் கண்ணால பாக்கக் கூடாது. படம் புடிக்கத்தான வந்தீங்க? யோசிச்சிக்குங்க."

கோவிந்தன் மழையில் நின்றார்.

கேமராவைக் கவுண்டரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். குச்சிகள் நமுத்திருந்தன. மூன்று உரசியும் பற்றவில்லை. நான்காவதைத் தலைமுடியில் தேய்த்து உரசச் சொன்னார் தாயார். பற்றியது. புகை. பிறகு சூடு.

27-7-84, வெள்ளி. மழை விட்டது. மேகம் அப்படியே.

தீ இறங்கிவிட்டது. ஆதாரம்: மேளச் சத்தம் மட்டும். நான் கொல்லைப் பக்கம் முதுகு காட்டி அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறேன். பந்தக்காரர்கள் கயிறு பிடித்து ஆற்றைத் தாண்டினார்களாம்.

தூரத்திலிருந்து கவுண்டர் குரல்: "சார், எழுதிக்கிறீங்களா? பெரிய கொல்லை தாண்டிட்டோம்! பந்தம் நாப்பது! புகைதான் ஜாஸ்தி!"

சின்னப்பாப்பா இரண்டு நாளில் முதன்முறையாகச் சிரித்தாள். "நாப்பதாமா? நம்மூர்ல அத்தன ஆம்பள ஏதுங்க?"

நாற்பது என்று எழுதவில்லை. நான் பார்க்கவில்லை.

எல்லா அடுப்புக்கும் புதுத் தீ போகிறது, இந்த வீடு தவிர. இங்கே நான் உரசிய தீதான். "மூட்டினவருதான் காக்கணும், மருத்துவச்சி வர்ற வரைக்கும் எந்திரிக்காதீங்க சாமி" என்று சொல்லிவிட்டார் தாயார்.

கோவிந்தன் வேலிக்கு வெளியே. உள்ளே வர முடியாது. அரைமணிக்கு ஒருதரம் அதே கேள்வி: "குடிச்சிதாங்க?"

காலையில் இரண்டு வாய் குடித்தது. பிறகு இல்லை. உள்ளங்கால் இன்னும் சில்லென்று இருக்கிறது.

மருத்துவச்சிக்கு வயதாகிவிட்டது, கயிற்றில் வர முடியாது. ஆறு வடிந்தால் இன்று சாயங்காலம் வருவார் என்கிறார் கவுண்டர். வடிகிறதா என்று இன்னும் யாரும் வந்து சொல்லவில்லை.

விறகு போட வேண்டும்.