சாஸ்தா கோயிலுக்குப் போன அன்று விரிந்த பூக்கள்

என் அருமை அண்ணனே, கோபக்கார இசக்கிமுத்து,

கார்த்திகையில் போனாய். இது பங்குனி. பக்கத்துத் தெருவில் இருந்தவனுக்கு எதற்குக் கடிதம் என்று உயிரோடு இருந்தவரை உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. இப்போது எழுதுகிறேன், கேட்கிறவர்கள் எல்லாரும் கேட்கட்டும். குறுக்கே பேசாமல் கேள். உயிரோடு இருந்தபோது ஒருநாளாவது நீ அப்படிக் கேட்டிருக்கிறாயா?

முதலில் உன் பருத்தி வயல் சேதி. தையில் நானும் மதினியும் உன் தாய்ச்செடியையும் தகப்பன்செடியையும் மறுபடி விதைத்துவிட்டோம். தாய் வழக்கம்போல முழங்கால் உயரத்திலேயே குலை குலையாக மொட்டு வைத்திருக்கிறாள். தகப்பனைத் தத்துப்பூச்சி இந்த வருஷமும் விடவில்லை, இலையெல்லாம் ஓரம் சுருண்டு கிடக்கிறது. உன் பேன்சீப்பை மதினி அலமாரியில் வைத்திருக்கிறாள். அதை வைத்துக் கொட்டையில் இருக்கும் பஞ்சை வகிடெடுத்துச் சீவி, இழை எவ்வளவு நீளம் என்று பார்த்துக்கொண்டு இருப்பாயே, அதே சீப்புதான்.

தாய்க்குக் காய் அதிகம், பஞ்சு கட்டை. தகப்பனுக்குப் பஞ்சு பட்டு மாதிரி நீளம், ஆனால் செடிக்குப் பத்துக் காய் தேறாது. இரண்டையும் சேர்த்தால் காயும் வரும், இழையும் வரும் என்று ஏழு வருஷம் இந்த மண்ணோடு மல்லுக்கட்டினாய். சாடை மாறிய செடி கண்ணில் பட்டால் போதும், "கலவன், கலவன்" என்று ஏசிக்கொண்டே வேரோடு பிடுங்கி, வரப்பில் ரெண்டு அடி அடித்துத் தூர எறிவாய். பார்க்கிறவர்கள் உன்னை விவசாயி என்று சொல்லமாட்டார்கள், சண்டைக்காரன் என்பார்கள்.

என்னையும் அடித்திருக்கிறாய். ஒரு மொட்டில் ஒரு துளி மகரந்தப்பையை விட்டுவிட்டேன் என்று, வேலைக்கு வந்த பெண்கள் அத்தனை பேர் முன்னாலும் கன்னத்தில் அறைந்தாய். "நீயெல்லாம் படிச்சவளாட்டி? வெளங்குமா?" என்றாய். வேளாண்மை டிப்ளமோ படித்தவள் என்று என்னை ஊரெல்லாம் பெருமையடித்ததும் நீதான். காது ரெண்டு நாள் இரைந்தது. சாயங்காலமே நாலு முழம் பிச்சிப்பூ வாங்கிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாய். அன்றைக்கு நான் உன்னை மன்னித்தேன், ஆனால் உன்னைக் கண்டு பயப்படவும் தொடங்கிவிட்டேன்.

அந்தப் பயத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இந்த வேலை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு விரியப்போகிற மொட்டை இன்று பிற்பகலே நகத்தால் கீறி, இதழையும் மகரந்தத்தையும் ஒரே இழுப்பில் உரித்துவிட வேண்டும். சூல்முடி மட்டும் அம்மணமாக நிற்கும். மறுநாள் காலையில் தகப்பன்பூவைக் கொண்டுவந்து அதில் தடவி, காம்பில் ஒரு நூல் கட்ட வேண்டும். நூல் இருந்தால் அது கலப்புக் காய். உரிக்காமல் விட்ட பூ விரிந்துவிட்டால், தன் மகரந்தத்தைத் தானே வாங்கி வெறும் தாய்விதை ஆகிவிடும். அப்படி விரிந்த பூவைத் தினமும் பிஞ்சோடு கிள்ளிப் போட வேண்டும்.

போன வருஷம் உத்திரத்துக்கு முதல்நாள் பெண்கள் எல்லாரும் மதியமே கிளம்பிவிட்டார்கள். யாரைப் பிடித்து நிறுத்த முடியும்? பங்குனி உத்திரத்துக்கு அவரவர் சாஸ்தாவிடம் போகாத வீடு நம் பக்கத்தில் உண்டா? மொட்டெல்லாம் உரிக்காமல் நின்றது. நீயும் பெட்டி கட்டிக்கொண்டு இருந்தாய்.

"நாளைக்கு ஒரு பூ செடியில நிக்கக் கூடாதுட்டி. அத்தனையையும் கிள்ளிப் போட்டுரு. நீ இருக்கேன்னுதான் நான் போறேன்" என்றாய்.

"பாத்துக்கிடுதேன், நீ போ" என்றேன்.

நான் பார்த்துக்கொள்ளவில்லை. என் வீட்டுக்காரர் குடும்பத்துச் சாஸ்தா வேறு, அது உனக்குத் தெரியும். விடியுமுன்னே வேன் வந்து வாசலில் நின்றது, ஏறிவிட்டேன். காலையில் போய்விட்டு மதியம் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். திரும்பியது மறுநாள் பதினோரு மணிக்கு.

வயலுக்கு ஓடினேன். விரிந்த அன்று வெண்மஞ்சளாக இருக்கும் பருத்திப்பூ மறுநாள் சிவந்துபோகும். உன் வயல் முழுவதும் சிவந்து நின்றது. ஒவ்வொரு பூவும் நான் நேற்று வரவில்லை என்று உன்னிடம் கோள் சொல்லக் காத்துக்கொண்டு இருந்தது. எனக்குக் கன்னம் எரிந்தது. நீ வரும் நேரம் நெருங்கிவிட்டது. பிஞ்சோடு கிள்ள நேரம் இல்லை. வாடின இதழ் தொட்டால் கையோடு வந்துவிடும், அதை மட்டும் உருவி உருவி மடியில் அள்ளிக்கொண்டு போய் வாய்க்காலில் கொட்டினேன்.

பிஞ்சுகள் செடியிலேயே நின்றன. அடுத்தடுத்த நாளில் அவற்றைக் கிள்ளியிருக்கலாம். ஆனால் தரையில் ஒரு பிஞ்சு கிடந்தாலும் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "எவ உதுத்தா?" என்று கேட்கிறவன் நீ. அத்தனை பிஞ்சை எங்கே கொண்டு ஒளிப்பேன்? இடுப்பில் நூல் இருந்தது. கண்ணில் பட்ட பிஞ்சுக்கெல்லாம் நூல் கட்டினேன். மானங்கெட்டவள், கலப்புக் காயோடு கலப்புக் காயாக அவற்றையும் சேர்த்துவிட்டேன்.

விதையை நீ விதைச் சோதனை நிலையத்துக்கு அனுப்பினாய். அவர்கள் அதை விதைத்து வளர்த்துப் பார்த்துவிட்டு, இனத்தூய்மை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வந்த தாள் இங்கிலீஷில் இருந்தது. கார்த்திகை மாதம், காலை எட்டு மணி, உன் வீட்டு முற்றத்தில் நின்று நான்தான் வாசித்தேன். முளைத்த செடிகளில் பத்தில் இரண்டு அச்சு அசல் தாயாகவே நிற்கின்றன, உரிக்காத பூவில் வந்த விதை இது என்று தெளிவாக எழுதியிருந்தார்கள்.

"என்னட்டி எழுதியிருக்கான்?" என்று கேட்டாய்.

"பக்கத்து வயல் மகரந்தம் கலந்துட்டாம்."

"எவன் வயலு? சுப்பையா வயலா?"

ஆமென்று தலையை ஆட்டினேன், அண்ணே.

அப்படிக் கலந்திருந்தால் தாயும் இல்லாமல் நம் கலப்பும் இல்லாமல் மூன்றாவது சாடையில் செடி நின்றிருக்கும். அது உனக்கே தெரியும். தாளை நீ வாசித்திருந்தால் ஒரு நொடியில் என்னைப் பிடித்திருப்பாய். ஆனால் உனக்கு அவன் மேல் பழைய ஆத்திரம் இருந்தது. "இந்த ஒரு வருசம் உளுந்து போடும் வே, பருத்தி வேண்டாம்" என்று நீ அவனிடம் போய்க் கேட்டாய். "என் நிலத்துல நான் எதப் போட்டா உமக்கென்ன வே?" என்று அவன் வரப்பு வரைக்கும் பருத்தியை நட்டான். அந்த ஆத்திரத்தில்தான் என் பொய்யைச் சொருகினேன்.

கூரை இறவாணத்தில் செருகியிருந்த அரிவாளை உருவிக்கொண்டு நீ நடந்தாய். நான் பின்னாலேயே ஓடிவந்தேன். அடுத்த விதைப்பிலும் அவன் பருத்தியே போட்டிருந்தான். காயும் பூவுமாக நின்ற அந்தச் செடிகளை இடுப்பளவில் வெட்டிக்கொண்டே போனாய். நாலு வரிசை சாய்ந்தது. தண்ணீர் கட்டிக்கொண்டு இருந்த சுப்பையா, "ஏலே, ஏலே, நிறுத்துலே!" என்று கத்திக்கொண்டு வந்தான். செடியை மறைக்கத்தான் கையை நீட்டினான். நீ வெட்டினாய். அவன் இடது கையில் இரண்டு விரல் பாத்தித் தண்ணீரில் விழுந்தன.

இதை நான் பார்த்தேன். அவன் அலறிக்கொண்டு பின்னால் போனான், நீ விடவில்லை. மறுபடி ஓங்கினாய். அப்போதுதான் அவன் வலது கையில் இருந்த மம்பட்டியை வீசினான். முதல் அடியிலேயே நீ விழுந்துவிட்டாய். விழுந்தவனை அவன் இன்னும் இரண்டு தடவை அடித்தான், அதையும் பார்த்தேன். அதற்கு அவனை நான் மன்னிக்கமாட்டேன். உன் தலையை மடியில் எடுத்து வைத்தபோது என் சேலை நனைந்தது. அந்தச் சூடு தொடையில் இன்னும் இருக்கிறது. அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் ஆட்டோவிலேயே போய்விட்டாய்.

உன்னிடம் எனக்கும் கோபம் உண்டு. கேட்பதற்கு வாய் இல்லையா உனக்கு? எடுத்த எடுப்பில் எதற்கு அரிவாள்? உன் கைக்குப் பயந்துதானே நான் பொய் சொன்னேன்? செத்தவனை ஏசக்கூடாது என்பார்கள். நான் ஏசுவேன்.

அதோடு நிறுத்தினேனா, இல்லை. உன் அரிவாளை நம் கிணற்றில் போட்டேன். அண்ணன் வெறுங்கையோடுதான் போனான், சுப்பையா தன் விரலைத் தானே வெட்டிக்கொண்டான் என்று போலீசில் எழுதிக் கொடுத்தேன். ஊர் நம்பியது. நம் சித்தப்பா மகன் மந்திரம் ஆட்களோடு போய் அவன் வைக்கோல் படப்பைக் கொளுத்தினான், மோட்டாரைக் கடப்பாரையால் அடித்து நொறுக்கினான். அவன் பெண்டாட்டி ஊரைவிட்டே போய்விட்டாள்.

சுப்பையா இப்போது ஜாமீனில் வந்திருக்கிறான். தினமும் காலை பத்து மணிக்கு அம்பாசமுத்திரத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கி, ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று நாளாக மந்திரம் எதிர் டீக்கடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு இருக்கிறான். "உத்திரம் முடியட்டும். கோயில்ல கிடா வெட்டிட்டு வாரேன், வந்து இவன வெட்டுதேன்" என்று என்னிடமே சொன்னான்.

இன்றைக்கு உத்திரம்.

உனக்கு வருஷம் திரும்பாததால் மதினி கோயிலுக்குப் போகவில்லை. எனக்குத் தடையில்லை, இருந்தும் போகவில்லை. காலையில் தனியாக வயலில் இறங்கி, விரிந்த பூ அத்தனையையும் பிஞ்சோடு கிள்ளினேன். நகம் கறுத்து விரல் வீங்கிவிட்டது. மதியம் மதினி தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்தாள். அவள் மூடியைத் திறக்குமுன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

தூக்குச்சட்டியை அப்படியே என் முகத்தில் எறிந்தாள். நெற்றி கிழிந்தது. தலைமுடியைப் பிடித்துக் கீழே தள்ளி முதுகில் மாறி மாறி அடித்தாள். "கொன்னுட்டியேட்டி பாவி! உன் வாய நம்பித்தான போனாரு! உன் நாக்கு அழுகிப் போவாதா?" நான் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. களைத்துப்போய்ப் பாத்தியிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

"மந்திரம் நாளைக்கு அவனப் போடப் போறான், தெரியுமா உனக்கு?"

"தெரியும் மதினி."

"தெரிஞ்சுமா இங்கன இருந்து பூ கிள்ளுத?" என்று மறுபடி அறைந்தாள். "எம் புருசனக் கொன்னவன் செயில்லயே கெடந்து சாகட்டும். ஆனா உன் பொய்க்காக இன்னொருத்தி தாலி அறுக்கக் கூடாது. எந்திரிட்டி, போன் போடு."

போட்டேன். மந்திரம் முழுக்கக் கேட்டான். பிறகு சிரித்தான். "கோட்டி பிடிச்சிருச்சா ஒனக்கு? பொய்யோ நெசமோ, அண்ணன மம்பட்டியால அடிச்சது அவன்தான? நாளைக்கு அவன் சோலி முடிஞ்சிரும். நீ வாயப் பொத்திக்கிட்டுக் கெட." பின்னால் கொட்டுச் சத்தம் கேட்டது, வைத்துவிட்டான். ஸ்டேஷனுக்கும் சொல்லிவிட்டேன், ஆள் நிறுத்துகிறோம் என்றார்கள். ஆனால் மந்திரத்தை எனக்குத் தெரியும், அண்ணே. அவன் உன் ரத்தம்.

மதினி கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு இருக்கிறாள். நான் மோட்டார் அறை வாசலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நெற்றியிலிருந்து ரத்தம் ஒழுகி எழுத்து அங்கங்கே கலைந்திருக்கிறது.

ஒன்று சத்தியம் செய்கிறேன். நாளைக் காலை பத்து மணிக்குச் சுப்பையா பஸ்ஸைவிட்டு இறங்கும்போது நான் அங்கே நிற்பேன். அவன் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காது, ஆனாலும் அவனோடு ஒட்டி நடப்பேன், ஸ்டேஷன் படி ஏறும்வரை. மறுபக்கம் மதினி நடப்பாள், அவளே சொல்லிவிட்டாள். உன் பெண்டாட்டியையும் உன் தங்கச்சியையும் வெட்டிவிட்டுத்தான் மந்திரம் அவனைத் தொட வேண்டும். உள்ளே போனதும் உன் அரிவாள் எந்தக் கிணற்றில் கிடக்கிறது என்று சொல்லுவேன். யார் முதலில் ஓங்கினார்கள் என்று சொல்லுவேன். அந்தத் தாளை இந்தத் தடவை சரியாக வாசிப்பேன்.

நீ நம்பிய தங்கச்சி,
பேச்சியம்மாள்